முதல் டிகாஷன் நிறத்தில் கடல் நுரை

எங்கள் லாட்ஜின் முன்னறையில் சில வருஷம் கடல் இருந்தது. ஏற்காட்டில் ஏரி உண்டு, மழை நன்றாகப் பெய்தால் அருவி உண்டு, கடல் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரியில் வந்தது. என் மனைவியும் அந்த ஊர்க்காரிதான். அவள் மட்டும் பஸ்ஸில் வந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. ஏரிக்குப் போகும் சாலையில் நாங்கள் நடத்திய லாட்ஜ் சின்னது. சீசனில் நிரம்பும். மற்ற மாதங்களில் நானும் அவளும் பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறந்து காற்றுக் காட்டிக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு அதிகம் ஓடவில்லை. தெரிந்ததெல்லாம் பதிவு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசியவர்கள் விட்டுவிட்டுப் போனது. யாராவது ஒருவர் காதுக்கு ருசியாக ஒரு பேச்சுப் பேசிவிட்டால், அன்றைக்கு ஒரு அறைகூடப் போகாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. என் மனைவிக்குக் குறை உண்டு.

அவளுடைய தம்பி உப்பு லாரி ஓட்டினான். மாதத்துக்கு ஒரு தரம் சேலத்தில் லோடு இறக்கிவிட்டு, லாரியை மண்டியிலேயே நிறுத்திவிட்டு, அக்காவைப் பார்க்க பஸ் ஏறி மேலே வருவான். ஆரம்பத்தில் கருவாடு கொண்டுவந்தான். அந்த வாசனைக்கு ஒரு குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, செத்ததை நிறுத்திவிட்டு உயிரோடு இருப்பதைக் கொண்டுவர ஆரம்பித்தான். ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீர், ஒரு பையில் இரண்டு மீன். கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டை, வால் மட்டும் மஞ்சள். அடுத்த தடவை பாசி பிடித்த கடல் பாறைகள். அதற்கடுத்த தடவை ஒரு வாளியில் கடல் சாமந்தி. பேர்தான் பூ, அது ஒரு பிராணி. பாறையில் காலை ஊன்றிக்கொண்டு தாம்பாளம் மாதிரி விரியும், மேலெல்லாம் குட்டைக் குட்டை விரல்கள் அசையும். அந்த இரண்டு மீனும் அந்த விரல்களுக்குள் புகுந்து புரண்டு விளையாடும். அதுதான் அவற்றுக்கு வீடு.

முன்னறை ஜன்னலை ஒட்டி இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியில் எல்லாவற்றையும் விட்டோம். குளிருக்கு ஒரு ஹீட்டர், வெளிச்சத்துக்கு ட்யூப்லைட். லாட்ஜில் தங்க வந்தவர்கள் ஏரியைப் பார்க்கப் போகாமல் இங்கேயே நின்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு இருந்தது. மலைக்கு வந்து சில வருஷத்தில் என் மனைவியின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பேச்சாக மாறிவிட்டது. மாவு அரைக்கிற இடத்தில் 'ஏனுங்க' என்கிறாள், காய்க்காரரிடம் 'நொம்ப வெலைங்க' என்கிறாள். தொட்டி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு முழுசாகத் திரும்பிவிடும். மீனைக் கொஞ்சுவாள், வைவாள், ஊர்ச் சமாசாரம் சொல்வாள். நான் மேசையில் கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போது தண்ணீர் மஞ்சளிக்க ஆரம்பித்தது. தொட்டியின் மூலைகளில் சோப்பு நுரை மாதிரி ஒரு படலம். கடல் சாமந்தி விரிவதை நிறுத்திவிட்டு வதக்கிய கத்தரிக்காய் போலச் சுருங்கிக் கிடந்தது. மீன் இரண்டும் அதன் பக்கத்திலேயே, கதவு பூட்டிய வீட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி, போவதும் வருவதுமாக இருந்தன. தம்பி கொண்டுவரும் கேன் தண்ணீரை மாற்றி ஊற்றினால் இரண்டு நாள் தெளிவாக இருக்கும், மறுபடி பழைய கதைதான். என் மனைவி தொட்டிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்தாள்.

"கடலு நாறத்தான் செய்யும். இது கடலு நாத்தம் இல்லங்க. மீன் கழுவுன தண்ணிய மூடி வச்ச நாத்தம்" என்றாள். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு முடிவையும் சொன்னாள். "அடுத்த தடவ தம்பி வரும்போது இந்தப் பூ வெரியலன்னா, எல்லாத்தையும் வாளியில போட்டு அவன்கிட்டயே குடுத்து விட்டுருவோம். பொறந்த எடத்துலயாவது பொழைக்கட்டும். நம்ம அழகு பாக்கதுக்கு அது சாவணுமா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தொட்டி போனால் முக்காலியும் போகும், முக்காலி போனால் அந்தப் பேச்சும் போகும். அடுத்த தடவை என்பதற்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கினேன்.

வழி சொன்னவர் சென்னையிலிருந்து வந்து தங்கிய ஒருவர். தன் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைத்திருப்பவராம். மூலையில் இருந்த படலத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க தண்ணியே சொல்லுதே சார், என் நுரைய எடுன்னு" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நுரை எடுக்க ஒரு கருவி உண்டு, புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெயர், சென்னையில் கிடைக்கும் என்று அவர் கடைக்கு வழியும் சொன்னார்.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. மீன் தின்று மிச்சம் வைத்தது, கழித்தது எல்லாம் தண்ணீரில் கரைந்து அழுகுவதற்குள் அதை வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்குத்தான் இது என்றார். எனக்குப் பாதி புரிந்ததை முகத்தில் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொன்னார்.

"பருப்பு வேகசொல்ல மேல நுரை கட்டுதுல்ல, வூட்ல கரண்டியால எடுத்துக் கொட்றாங்கல்ல? அதான் சார் இது. கரண்டிக்குப் பதிலா காத்து."

அதன் பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. குழாய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழியை விட்டால், அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, உச்சியில் இருக்கும் கோப்பையில் வழிந்து விழும். கோப்பையைக் கழற்றிக் கொட்டிவிட வேண்டியதுதான்.

இரண்டு வகை காட்டினார். ஒன்று ஒல்லியாக உயரமாக இருந்தது. சின்னக் காற்று மோட்டார் வெளியே நின்று ஊத, பொடித் துளைகள் உள்ள ஒரு மரத்துண்டு வழியாகக் குமிழி வரும். மற்றது குட்டை, பருமன். தனக்கென்று ஒரு தண்ணீர் மோட்டார் வைத்துக்கொண்டு காற்றைத் தானே உறிஞ்சித் தண்ணீரோடு சேர்த்து அடிக்கும். இரண்டும் கடைத் தொட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. ஒல்லியின் கோப்பையில் கொஞ்சமாக, கறுப்பாக, கெட்டியாக இருந்தது. குட்டையின் கோப்பை நிறைய, வெளுத்த டீ நிறத்தில் நீர்த்த ஒன்று.

நான் காப்பி மலையில் பிறந்தவன். கறுத்துக் கெட்டியாக ஒன்றையும் வெளுத்து நீர்த்து ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் என் கை எதன் பக்கம் போகும்? முன்னது முதல் டிகாஷன், பின்னது சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்கியது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நியாயமான காரணங்களும் இருந்தன. எங்கள் மலையில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும், பல்பு மின்மினிப்பூச்சி ஆகிவிடும், குட்டையின் மோட்டார் அதற்குத் தாங்காது. அதோடு நீர்த்த நுரை எடுக்கும் கருவி அழுக்கோடு சேர்த்துக் கடல் தண்ணீரையும் நிறைய வெளியே தள்ளும். "மலை மேல கடல் தண்ணிக்கு எங்க போவீங்க சார்?" என்று கடைக்காரரே கேட்டார். தண்ணீரில் கலக்கும் வெளிநாட்டு உப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன். உப்பு லாரிக்காரனின் அத்தான் வெளிநாட்டு உப்பு வாங்கினான் என்று தெரிந்தால் தூத்துக்குடியில் தலை காட்ட முடியுமா?

ஒல்லியை வாங்கிக்கொண்டு வந்தேன். சேலத்தில் பஸ் ஏறி அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டதும் கண்டக்டர் கவலையோடு பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, ஆக்சிஜனுங்களா? ஊட்ல யாருக்கு முடியலீங்க?" என்றார். மீனுக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணா, மீனுக்கு மூச்சு வாங்குதாமா, வளைவுல பாத்துத் திருப்புங்க" என்றார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் முழுக்க என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தது.

மாட்டிய முதல் சில நாள் நுரையே வரவில்லை, பெரிய பெரிய குமிழிகள் ஏறி உடைந்தன. புதுக் குழாய் பழக வேண்டும், அவசரப்படாதே என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் நான் அவசரப்படவில்லை. என் மனைவி அந்த நாட்களில் தந்தி ஆபீஸ் பக்கத்து பூத்துக்குப் போய், தம்பியின் லாரி ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்தாள்: இந்தத் தடவை கடல் தண்ணீர் வேண்டாம், மூடி போட்ட பெரிய வாளி ஒன்று மட்டும் கொண்டு வா. மாதம் முடிய நாள் இருந்தது.

பிறகு ஒரு காலையில் நுரை ஏறியது. பாலாடை மாதிரி மெதுவாகக் குழாயின் கழுத்தில் ஏறி கோப்பைக்குள் சரிந்தது. இரண்டு நாளில் கோப்பையின் அடியில் கறுப்பாகக் கொஞ்சம் சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பார்த்துத் தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்தார். வாரம் ஒரு முறை ஏற்காட்டுக்கு பேங்க் வேலையாக வருபவர், எங்களிடம் ஒரு காப்பி குடிக்காமல் திரும்பமாட்டார். காப்பிக்கொட்டையின் தரம் பார்த்துப் பார்த்து எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. கோப்பையைத் தூக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

"நொம்ப ஜோருங்க. முதல் டிகாஷனாட்ட இருக்குதுங்க. பால் ஊத்துனாலும் கலர் நிக்குமுங்க" என்றார்.

"குடிக்கியளா அண்ணே? ஆத்தித் தாரேன்" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே வேலை. குழாய்க்குள் தண்ணீர் மட்டத்தை இறக்க இறக்க நுரை காய்ந்து ஏறும், கோப்பையில் விழுவது இன்னும் கெட்டியாகும். அதற்கு ஒரு திருகு உண்டு. காலையில் எழுந்ததும் அதைக் கொஞ்சம் திருகுவேன். ரைட்டர் மறுவாரம் வந்தபோது காட்டியது தார் மாதிரி இருந்தது. வந்து தங்குபவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் அறைக் கதவைச் சாத்தினார், அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ரைட்டரும் நானும் கோப்பையைச் சுற்றி நின்று, போன வாரத்ததைவிட இந்த வாரத்தது கெட்டி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

தொட்டிக்குள் கடல் சாமந்தி கத்தரிக்காயாகவே கிடந்தது. தண்ணீரின் மஞ்சளும் போகவில்லை.

என் மனைவி முக்காலியிலிருந்து எங்களைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டா? இத நீங்க குடிக்கவா போறிய?"

இல்லை என்றேன்.

"பொறவு கழிச்சுக் கொட்டுறதுல எதுக்குக் கெட்டி பாக்கிய? அது வெளிய போனாச் சரிதான? கெட்டியா வரணும் கெட்டியா வரணும்னு நீங்க அங்க திருகுனா, மிச்சம் பூராவும் இங்கதான கெடக்கும்?"

ரைட்டர் காப்பியை ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்க்காமல், "அம்மிணி சொல்றது ஞாயமாத்தான் படுதுங்க" என்றார். காலம் பூராவும் கெட்டி டிகாஷனையே தேடிய இரண்டு பேருக்கு, கீழே கொட்டப்போவதில் கெட்டி வேண்டியதில்லை என்பது தோன்றவே இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் திருகை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

தண்ணீர் மட்டம் ஏறியதும் நுரை ஈரமாகப் பொங்கி, மறுநாளே கோப்பை நிரம்பி வழிந்தது, அதே வெளுத்த டீ நிறத்தில். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. காலையில் வோல்டேஜ் முழுசாக வந்ததும் ஒரேயடியாகப் பொங்கித் தரையெல்லாம் ஓடும், துடைப்பத்தோடு நிற்பேன். ஆனால் தண்ணீரின் மஞ்சள் ஒரு வாரத்துக்குள் வெளுத்தது. பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கடல் புழுகூடத் தன் கூட்டிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

அதற்கு விலை கடல் தண்ணீர். ஆவியாகிப் போவதற்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். நுரையோடு போவதற்குக் கடல் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். முன்பு மிச்சம் பிடித்து வைத்திருந்த கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசிக் கேன் வந்தபோது நான் தயங்கினேன். மறுபடி கெட்டிக்குத் திருப்பிவிட்டால் தண்ணீர் மிஞ்சும், தம்பி வருகிறவரைக்கும் தள்ளலாம். ஆனால் அவன் வரும்போது பூ விரிந்திருக்க வேண்டுமே. வேண்டிய தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று லாரி ஆபீசுக்குப் போன் போட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

"மிச்சம் வச்சு ஊறுகாயா போடப்போறோம்?" என்று அவளே கேனைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள். சில வாரத்துக்கு முன் வாளி கொண்டு வரச் சொன்னவளும் அவள்தான். அவளும் உள்ளுக்குள் இதற்குத்தான் ஆசைப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி வந்த அன்று காலையில் பனி ஏரியை மூடியிருந்தது. புது வாளியைக் கையில் ஆட்டிக்கொண்டு படியேறி வந்தான். நாங்கள் இரண்டு பேரும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பாறையில் கடல் சாமந்தி இல்லை. கத்தரிக்காயாகக்கூட இல்லை. இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மீன் இரண்டையும் காணோம்.

"கரைஞ்சு போச்சுல தம்பி" என்றாள் என் மனைவி. அது செத்தால் அப்படியே கரைந்து தொட்டியையே கெடுத்துவிடும் என்று அவன்தான் முன்பு சொல்லியிருந்தான். நான் ஸ்கிம்மரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நுரையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் தொட்டிக்கு மேல் குனிந்தாள். ஒரு தரம் மோந்தாள், தள்ளி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மோந்தாள்.

"நாறலியே" என்றாள். "செத்திருந்தா இந்நேரம் நாறணுமே. இது நல்ல கடலு நாத்தம்லா."

தம்பி வாளியைக் கீழே வைத்தான். தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான். அவன் குனிவது தொட்டியின் தண்ணீர் வழியாகத் தெரிந்தது. பிறகு அவன் சிரிப்பு கேட்டது.

"ஏக்கா, ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குக்கா."

அவள் நுழைந்தாள், பின்னால் நான். கடல் சாமந்தி பாறையின் பின்பக்கத்துக்கு நடந்து போயிருந்தது. ஜன்னல் வெயில் விழும் இடம், ஸ்கிம்மரிலிருந்து சுத்தமான தண்ணீர் திரும்பி வந்து விழும் இடம். அங்கே காலை ஊன்றிக்கொண்டு, வாளியில் வந்த நாளிலிருந்து நாங்கள் பார்த்திராத அளவுக்கு விரிந்திருந்தது. மீன் இரண்டும் அதன் விரல்களுக்குள் படுத்துப் புரண்டுகொண்டிருந்தன. தனக்கு எந்த இடம் சரி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் வைத்தது வருபவர்களுக்குச் சரியான இடம். மூன்று பேரும் அந்தச் சந்துக்குள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றோம். வெளியே ஒருவர் ரூம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள். "ஏல, தண்ணி எங்கல?"

"நீதானக்கா தண்ணி வேண்டாம், வாளி மட்டும் போதும்ன?"

"நான் சொன்னா நீ கேட்டுருவியோ? என்னைக்குக் கேட்ட?"

அவன் என்னைப் பார்த்தான். நான் நுரையைப் பார்த்தேன். சொட்டுக் கடல் தண்ணீர் கையிருப்பு இல்லை. அடுத்த லோடு வருகிறவரைக்கும் கெட்டிக்கே திருப்பி வையுங்கள், பூதான் விரிந்துவிட்டதே, தாங்கும் என்று அவள் உத்தரவு போட்டாள். திருகைத் திருப்பினேன். எந்த நேரத்துக்கு எது என்று அதன் பிறகு எங்களுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. மீன் அதிகம் தின்ற வாரத்தில் நீர்த்த நுரை, தண்ணீர் குறைந்த வாரத்தில் கெட்டி. குட்டையை வாங்கியிருக்க வேண்டுமோ என்று யோசித்தது உண்டு. வாங்கியிருந்தால் சாயங்கால வோல்டேஜுக்கு என்ன செய்திருப்போம்?

தொட்டியை நகர்த்த முடியாது, அவ்வளவு கனம். அதனால் முன்னறையையே திருப்பினோம். அலமாரியைத் தூக்கி, பெஞ்சை இழுத்து, பதிவு மேசையை ஜன்னல் பக்கம், அந்தச் சந்தின் வாயில் கொண்டுபோய்ப் போட்டோம். வருபவர்கள் வாசலில் நுழைந்து, ஒரு பாறையின் முதுகைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு என்னிடம் வர வேண்டும். மறுவாரம் வந்த ரைட்டர் அந்தச் சுற்றைச் சுற்றி வந்து, "ஏனுங்க, பூவு திரும்புச்சுன்னு ஊட்டையே திருப்பிப்போட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை, காப்பி கேட்டார்.

தம்பி, பூ திரும்பியதைப் பார்த்த அன்றே, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். வாளி காலியாகப் போகக் கூடாது என்று அதில் கமலா ஆரஞ்சு நிரப்பி மூடியை அழுத்திக் கொடுத்தாள் என் மனைவி. பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து, எத்தனை கேன், எந்த இடத்துத் தண்ணீர், துறைமுகத்துப் பக்கம் எடுக்கக் கூடாது, அலை தெளிந்த பிறகு எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள், பின்னால் நானும் போனேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். போதாது என்று இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு வாங்க அவள் கடைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னிடம் சொன்னான்.

"அத்தான், மாசா மாசம் கடல மேல ஏத்துறதுக்கு, அக்காவ ஒரு மாசம் கீழ எறக்கி விடுறது லேசுல்லா?"

நான் சேகரித்த பேச்சுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவாள், அப்புறம் அந்த மீன்களிடம் நான் எந்த ஊர்ப் பேச்சுப் பேசுவேன்?